இதய மாற்றுக்குப் பிறகு பெருங்குடல் புற்றுநோய்: ரத்தசோகையை விடாமல் துரத்திய கதை

இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உடம்பில் எது வந்தாலும் ஒரு காரணம் தயாராக இருக்கும். வயிற்றுப்போக்கு என்றால் மைக்கோஃபினோலேட் மாத்திரை. கை நடுங்கினால் டாக்ரோலிமஸ் (இரண்டுமே எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகள்). முகம் உப்பினால் ஸ்டீராய்டு. கால் வீங்கினால் பி.பி. மாத்திரை. பெரும்பாலான நேரம் அந்தக் காரணம் சரியாகவும் இருந்துவிடும். சிக்கலே அதில்தான். என்னுடைய பெருங்குடலில் வலது பக்கம் ஒரு புற்றுநோய்க் கட்டி வளர்ந்துகொண்டிருந்த மாதங்களில், அது காட்டிய ஒவ்வொரு அறிகுறிக்கும் இப்படிப் பொருத்தமாக ஒரு விளக்கம் கிடைத்துக்கொண்டே இருந்தது. விளக்கம் கிடைத்ததும் தேடல் நின்றுபோகும். எங்களைப் போன்றவர்களும் எங்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூர் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. 2012-ல், 42 வயதில், சென்னையில் எனக்கு இதய மாற்று நடந்தது. இதயத் தசை தளர்ந்து, இதயம் பெருத்து, ரத்தத்தைப் பம்ப் செய்யும் திறன் படிப்படியாகக் குறைகிற நோய் எனக்கு. கடைசியில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை நடப்பதே பெரிய வேலையாக இருந்தது. தமிழ்நாட்டில் 2008-ல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்த பிறகு, உறுப்பு தானம் பற்றிய பேச்சு வீடு வீடாகப் போனது. அந்தப் பையனின் இதயம் சென்னையில் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அந்த அலை இல்லாமல் போயிருந்தால் என் போன்றவர்களுக்கு இதயம் கிடைத்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனக்குத் தந்த குடும்பம் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிவிப்பதும் இல்லை. தினமும் காலை மாத்திரை போடும்போது அவர்களை நினைத்துக்கொள்வேன்.

1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதன்முதலில் மனித இதயத்தை மாற்றிப் பொருத்தினார். அந்த நோயாளி பிழைத்திருந்தது 18 நாள். நிமோனியாவில் இறந்துபோனார். இந்தியாவில் 1994 ஆகஸ்டில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் செய்தார். இன்று உலக அளவில், இதய மாற்று செய்துகொண்ட பெரியவர்களில் பாதிப் பேர் 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். இவ்வளவு காலம் வாழ்வதால்தான் புற்றுநோய் என்ற பேச்சே எங்கள் வாழ்க்கையில் நுழைகிறது. முதல் வருடத்தில் பயம், புது இதயத்தை உடம்பு ஏற்காமல் தாக்கும் ரிஜெக்‌ஷன், கிருமித்தொற்று. ஐந்து வருடம் தாண்டிவிட்டால் பயப்பட வேண்டியவற்றின் வரிசை மாறிவிடும். புது இதயத்தின் ரத்தக்குழாய்கள் சுருங்கிப்போவதும் புற்றுநோயும் மேலே வந்துவிடும்.

காரணம் எளிதானது. புது இதயத்தை அந்நியன் என்று தாக்காமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை வாழ்நாள் முழுக்க அடக்கிவைக்கிறோம். வழிதவறி வளரும் செல்களைக் கண்டுபிடித்து அழிக்கும் வேலையையும் அதே எதிர்ப்பு சக்திதான் செய்கிறது. அமெரிக்காவில் 1987 முதல் 2008 வரை நடந்த 1,75,000-க்கும் மேற்பட்ட உறுப்பு மாற்று சிகிச்சைகளின் பதிவுகளை அலசி 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் மொத்தப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. வைரஸோடு தொடர்புள்ள புற்றுநோய்கள், குறிப்பாக நிணநீர்ப் புற்றுநோய், அதிகம் கூடுகின்றன. வெள்ளைத்தோல்காரர்களுக்குத் தோல் புற்றுநோய் மிக அதிகம். பெருங்குடல் புற்றுநோய் அந்த அளவுக்குக் கூடுவதில்லை, மிதமாகத்தான் கூடுகிறது. ஆனால் கூடுவது எங்கே என்று பார்த்தால் பெரும்பாலும் குடலின் வலது பக்கத்தில், அதாவது சிறுகுடல் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில். மலக்குடலில் அப்படிக் கூடுவதாகத் தெரியவில்லை.

இந்த வலது பக்கம் என்ற விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். என் கதை முழுக்க அதைச் சுற்றித்தான். இடது பக்கமோ மலக்குடலோ என்றால் குழாய் ஒடுங்கியிருக்கும், மலம் இறுகியிருக்கும். மலச்சிக்கல் வரும், ரத்தம் சிவப்பாகக் கண்ணில் படும். வலது பக்கம் அகலம், உள்ளே இருப்பதும் கூழாகத்தான் இருக்கும். கட்டி பெரிதாக வளர்ந்தாலும் அடைப்பு சீக்கிரம் வராது. கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசியும், அது மலத்தோடு கலந்துபோகும், நம் கண்ணுக்குத் தெரியாது. தெரிவது ஒன்றே ஒன்றுதான்: ரத்தசோகை.

2022 கடைசியில் எனக்குப் படியேறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாற்றிப் பொருத்திய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு துண்டிக்கப்பட்டிருக்கும். அதனால் சும்மா இருக்கும்போதே துடிப்பு 95, 100 என்று இருக்கும். வேகமாக நடந்தால் உடனே ஏறாது, மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். அந்த வழக்கமான திணறல் எனக்கு நன்றாகத் தெரியும். முதல் மாடிக்குப் போய் ஒரு நிமிஷம் நின்றால் சரியாகிவிடும். இது அப்படி இல்லை. வகுப்பில் நின்றுகொண்டு பேசும்போதே களைப்பு வந்தது. அம்மா பார்த்துவிட்டு, "உடம்புல ரத்தமே இல்லாம வெளுத்துக் கிடக்கிறியே" என்றார். அம்மா சொன்னதுதான் முதல் சரியான நோயறிதல்.

சென்னையில் உடனே பார்த்தது இதயத்தை. அது நியாயம்தான். எக்கோ நன்றாக இருந்தது. கழுத்து ரத்தநாளம் வழியாகப் போய் இதயத் தசையில் துளி எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும் செய்தார்கள். ரிஜெக்‌ஷன் இல்லை என்று வந்ததும் வீட்டில் எல்லோரும் சாமி கும்பிட்டார்கள். ஹீமோகுளோபின் 10.4. "மைக்கோஃபினோலேட் ரத்த அணுக்களைக் குறைக்கும், டாக்ரோலிமஸால கிட்னியும் கொஞ்சம் அடி வாங்கியிருக்கு, ரெண்டும் சேர்ந்தா இப்படித்தான் இருக்கும்" என்றார்கள். சிறுநீரகம் பழுதானால் ஏறும் கிரியாட்டினின் எனக்கு உண்மையிலேயே 1.6. நம்பாமலிருக்கக் காரணமே இல்லை.

உள்ளூரில் வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அந்த மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். அப்படிப் போனதை யாரும் சந்தேகப்படவில்லை. மூன்று மாதம் கழித்து 9.6. மாத்திரை ஒழுங்காகச் சேரவில்லை என்றார்கள். சொந்தக்காரர்கள் பக்கமிருந்து முருங்கைக்கீரை, பேரீச்சை, அத்திப்பழம் எல்லாம் வந்தன. "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு ரத்தம் கம்மியா இருக்கிறது சகஜம்தான்" என்று என் நாத்தனார் ஆறுதல் சொன்னார். எனக்கு மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ரத்தம் குறைந்தால் அது சகஜம் கிடையாது. எந்தப் பெண்ணாக இருந்தாலும், இதய மாற்று செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும், இந்த ஒரு வரியைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கும் அப்படித்தான்: இரும்புச் சத்துக் குறைவினால் ரத்தசோகை வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று குடலைப் பார்த்தே ஆக வேண்டும்.

அதை உடைத்துச் சொன்னவர் சிறுநீரக டாக்டர். கிரியாட்டினினுக்காக வழக்கமாகப் பார்க்கப் போனேன். பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக மேசையில் பரப்பி வைத்து ஹீமோகுளோபின் எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதினார். 12.1, 11.2, 10.4, 9.6. ஒன்றிரண்டைத் தனித்தனியாகப் பார்த்தால் ஏதோ ஏற்ற இறக்கம் போல இருக்கும். வரிசையாக எழுதினால் கீழ்நோக்கி ஒரே கோடு. கணக்கு வாத்தியாரம்மாவான எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம். எனக்கு ஃபெரிட்டின் 8. "கிட்னியால மட்டும் வர்ற ரத்தசோகைன்னா இரும்பு இவ்வளவு கீழ போகாது. மாத்திரையாலயும் போகாது. ரத்தம் எங்கயோ வெளிய போகுது டீச்சர். எங்கன்னு பாக்கணும்" என்றார்.

அப்போதும், ஆசனவாய் வழியாக நீளக் குழாய் விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலனோஸ்கோபி சுலபமாக நடந்துவிடவில்லை. உள்ளூரில் போன இடத்தில், ஆசனவாயில் சின்னக் குழாயை விட்டுப் பார்த்து, "மூலம் இருக்கு, அதுலதான் ரத்தம் போயிருக்கும், ஆஸ்பிரின் வேற சாப்பிடுறீங்க" என்றார்கள். மூலம் இருந்தது நிஜம். ஆஸ்பிரின் சாப்பிடுவதும் நிஜம். இதய மாற்று செய்த பெரும்பாலானவர்கள் சாப்பிடுகிறோம். ஆனால் சிவப்பாகச் சொட்டாத மூலம் ஃபெரிட்டினை 8-க்கு இறக்குமா என்று நானும் என் தம்பியும் கேட்டோம். பதில் சரியாக வரவில்லை. இதய மாற்று செய்தவருக்கு மயக்க மருந்து கொடுக்க அங்கே தயக்கம் இருந்ததும் புரிந்தது. அதில் கோபப்பட ஒன்றுமில்லை, பழக்கமில்லாத விஷயம். சென்னைக்கே போய்விட்டோம். மூலத்துக்கு லேகியம் வாங்கித் தருகிறேன் என்று பக்கத்து வீட்டில் அன்போடு சொன்னார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எவ்வளவு நம்பிக்கையான கையிலிருந்து வந்தாலும், கேட்காமல் எந்த லேகியமும் கஷாயமும் தொடக்கூடாது. டாக்ரோலிமஸின் அளவை எது ஏற்றும், எது இறக்கும் என்று சொல்ல முடியாது. பம்ப்ளிமாஸ் பழமே ஏற்றிவிடும்.

கொலனோஸ்கோபிக்குத் தயாராவதில் எங்களுக்கென்று சில விஷயங்கள் உண்டு. வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்தில் பாஸ்பேட் கலந்தது சிறுநீரகத்துக்கு ஆகாது. பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்த பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகைதான் எனக்குக் கொடுத்தார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், நீர் வற்றினால் கிரியாட்டினின் ஏறிவிடும். பேதி ஆனால் டாக்ரோலிமஸ் வெளியே போய்விடும், அளவு குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நேர்மாறாக, பேதியின்போது அது ரத்தத்தில் கூடத்தான் செய்கிறது. அதனால் அந்த வாரம் லெவல் பார்த்தார்கள். மாத்திரை நேரத்தை மட்டும் நாங்கள் விடவில்லை. ஒரு வாய்த் தண்ணீரோடு வழக்கமான மணிக்குப் போட்டேன். ஆஸ்பிரினை நிறுத்தவா வேண்டாமா என்பதை இதய டாக்டர்தான் முடிவு செய்தார். நிறுத்தவில்லை.

மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. நரம்புத் தொடர்பு இல்லாத இதயத்துக்கு அட்ரோபின் வேலை செய்யாது. துடிப்பு குறைந்தால் வழக்கமாக முதலில் போடும் ஊசி அது. பெரிய மருத்துவமனைகளில் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து சொல்லிவிடுவேன். அதே போல வார்டில் புதிதாக வரும் நர்ஸுகள் என் நாடித்துடிப்பு 100 இருப்பதைப் பார்த்துப் பதறுவார்கள். அது எனக்கு இயல்பு என்பதையும் சொல்லிவைப்பேன்.

முழு நீளக் குழாய் குடலின் கடைசி வரை போனது. பெருங்குடலின் வலது பக்கமான ஏறுகுடல் தொடங்கும் இடத்தில் கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் உறுதியானது. சின்னக் குழாயோடு நிறுத்தியிருந்தால் அந்த இடத்தை எட்டியிருக்கவே முடியாது. அந்த மாதங்களில் இருந்த வயிற்றுப்போக்கு, மைக்கோஃபினோலேட் மாத்திரையால் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, எல்லாமே இந்தக் கட்டியினால்தானா என்று கேட்கத் தோன்றியது. இல்லை, மாத்திரையும் காரணம், கட்டியும் காரணம் என்றார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு சி.எம்.வி. என்ற வைரஸும் குடலில் புண் உண்டாக்கி ரத்தம் போக வைக்கும், நிணநீர்ப் புற்றுநோயும் குடலில் வரும். அதனால்தான் யூகத்தில் எதையும் விடாமல் குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பது அவசியம்.

சி.டி. ஸ்கேனில் கல்லீரலிலும் நுரையீரலிலும் ஒன்றும் இல்லை. சிறுநீரகத்தைக் காக்க, சாயம் செலுத்துவதற்கு முன்னும் பின்னும் சலைன் ஏற்றினார்கள். அப்புறம் வந்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட கட்டம். இதய டாக்டர், குடல் அறுவை டாக்டர், புற்றுநோய் டாக்டர், சிறுநீரக டாக்டர், மயக்க மருந்து டாக்டர் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று கோஆர்டினேட்டர் சிஸ்டரிடம் கேட்டோம். அவர் ஏற்பாடு செய்தார். தம்பி எல்லாக் கேள்வியையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனான். ஒருவர் மருந்தை இன்னொருவர் தெரியாமல் நிறுத்திவிடுவதோ, இரண்டு பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதோ எங்கள் நோயில் உயிர் பறிக்கும் விஷயம். இதில் கூச்சப்படவே கூடாது. அந்தக் கூட்டம் நடக்காமல் கத்தி வைக்க நாங்கள் ஒப்புக்கொண்டிருக்க மாட்டோம்.

லேப்ராஸ்கோப்பி முறையில் பெருங்குடலின் வலது பகுதியை எடுத்துவிட்டு, சிறுகுடலை மீதிப் பெருங்குடலோடு இணைத்தார்கள். மலம் சேர வயிற்றில் பை வைக்க வேண்டியிருக்கவில்லை. வாய்வழி எதுவும் கொடுக்க முடியாத நேரத்தில் டாக்ரோலிமஸை எப்படிக் கொடுப்பது என்று முன்கூட்டியே திட்டம் இருந்தது. லெவலை அடிக்கடி பார்த்தார்கள். வருடக்கணக்காக ஸ்டீராய்டு சாப்பிடுகிற உடம்பு அறுவை சிகிச்சையின் அழுத்தத்துக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்காது என்பதால் அதைக் கூடுதலாக ஊசியில் கொடுத்தார்கள். அறுவைக்குப் பிறகு என்னை எல்லோரும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்ததற்குக் காரணம் உண்டு. குடல் இணைத்த இடத்தில் கசிந்தால் மற்றவர்களுக்குக் காய்ச்சல் வரும், வயிறு கல்லாக இறுகும். எங்களுக்கு ஸ்டீராய்டு அதையெல்லாம் மறைத்துவிடும். நாடித்துடிப்பை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் தினமும் ரத்தத்தில், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பார்த்தார்கள். நல்லபடியாக ஆறியது.

எடுத்த 18 நிணநீர் முடிச்சுகளில் ஒன்றில் புற்றுநோய் இருந்தது. 12-க்குக் குறையாமல் முடிச்சுகளைப் பரிசோதிக்க வேண்டும் என்பது பொது விதி. உங்கள் ரிப்போர்ட்டிலும் அந்த எண்ணைப் பாருங்கள். ஒரு முடிச்சு என்றாலும் அது மூன்றாம் கட்டம், கீமோ தேவை. கட்டியில் எம்.எம்.ஆர். பரிசோதனையும் செய்தார்கள். பரம்பரையாக வரும் லின்ச் வகையா என்று தெரிந்துகொள்ள அது உதவும். எனக்கு அப்படி இல்லை.

கீமோவில் எங்களுக்கு இரண்டு பெரிய கவலைகள். பெருங்குடலுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்து ஃபுளோரோயுராசில். அதன் மாத்திரை வடிவம் கேப்சைட்டபின். இது சிலருக்கு இதய ரத்தக்குழாய்களை இறுக்கிவிடும். மற்றவர்களுக்கு அப்போது நெஞ்சு வலிக்கும், ஓடி வருவார்கள். நரம்பில்லாத இதயம் எனக்கு. வலி தெரியாமலே போகலாம். இதைப் புற்றுநோய் டாக்டரிடம் இதய டாக்டர் நேரில் விளக்கிச் சொன்னார். அதனால் முதல் சுற்று மருத்துவமனையிலேயே, இ.சி.ஜி.யும், இதயத் தசை அடிபட்டால் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துக்கொண்டே நடந்தது. மூச்சுத்திணறல், திடீர் களைப்பு, படபடப்பு, வியர்வை, இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நெஞ்சு வலிக்காகக் காத்திருக்கவே கூடாது. இந்த மருந்தைச் செரிக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அதற்கான பரிசோதனையை முன்னாலேயே செய்துகொண்டோம். கிரியாட்டினினைக் கணக்கில் வைத்து அளவையும் குறைத்தார்கள்.

இரண்டாவது கவலை வெள்ளை அணுக்கள். கீமோவும் குறைக்கும், மைக்கோஃபினோலேட்டும் குறைக்கும். மைக்கோஃபினோலேட்டை நிறுத்திவிட்டு, டாக்ரோலிமஸையும் ஸ்டீராய்டையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். எதிர்ப்பு சக்தியை ரொம்ப அடக்கினால் புற்றுநோய், ரொம்ப விட்டால் ரிஜெக்‌ஷன். நடுவில் உள்ள ஒற்றையடிப் பாதை குறுகலானது. ஒவ்வொரு சுற்றுக்கும் எக்கோ பார்த்தே அதில் நடந்தோம். கேப்சைட்டபினோடு ஆக்சாலிபிளாட்டின் சேர்த்து மூன்று மாதம். ஒரு முடிச்சு மட்டும் பாதித்த, பெரிதாக ஊடுருவாத கட்டிகளுக்கு இந்தக் கூட்டு மூன்று மாதம் போதும் என்று இப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய வரம். ஆக்சாலிபிளாட்டினால் குளிர்ச்சி பட்டாலே விரல்களில் சுரீரென்று ஊசி குத்தும். ஃபிரிட்ஜைத் திறக்கும் வேலையை வீட்டில் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பானைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை, வெந்நீர்தான். தயிர் சாதத்தைக் கொஞ்சம் சூடாக்கிச் சாப்பிட்டேன். கை கால் மரத்துப்போனது முழுசாகப் போகவில்லை, சாக்பீஸ் பிடிக்கும்போது இன்னும் தெரிகிறது.

கீமோ முடிந்து புண்களெல்லாம் நன்றாக ஆறிய பிறகு எவரோலிமஸ் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். ரிஜெக்‌ஷனையும் தடுக்கும், கட்டி வளர்ச்சியையும் ஓரளவு எதிர்க்கும் என்பதால், புற்றுநோய் வந்த உறுப்பு மாற்று நோயாளிகளுக்கு அதைத் தேர்ந்தெடுப்பது உண்டு. அதை வைத்து டாக்ரோலிமஸின் அளவைக் குறைக்க முடிந்தது, சிறுநீரகமும் கொஞ்சம் மூச்சுவிட்டது. ஆனால் புண் ஆறுவதை எவரோலிமஸ் தாமதப்படுத்தும். அறுவையை ஒட்டி அதைத் தொடங்கக்கூடாது. இனி எனக்கு வேறு ஏதாவது ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே நிறுத்த வேண்டிவரும். வாய்ப்புண் வரும், எனக்கும் வந்தது.

தைரியம் சொல்கிறவர்கள் நிறையப் பேர் "இப்பெல்லாம் இம்யூனோதெரபி வந்துடுச்சே" என்பார்கள். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் மாதிரி மருந்துகள் எதிர்ப்பு சக்தியின் பிரேக்கை எடுத்துவிட்டுப் புற்றுநோயைத் தாக்க வைப்பவை. அதே எதிர்ப்பு சக்தி பொருத்திய இதயத்தையும் தாக்கும். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு அது பழுதானால் டயாலிசிஸ் இருக்கிறது. இதயத்துக்கு அப்படிப் பின்வாசல் கிடையாது. அதனால் எங்களுக்கு அந்த வழி ஏறக்குறைய மூடியதுதான். உறுப்பு மாற்று செய்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தால், அதே கட்டத்தில் இருக்கும் மற்றவர்களைவிட உயிரிழப்பு கூடுதல் என்று ஆய்வுகள் சொல்வதற்கு இப்படிப் பல காரணங்கள். எதிர்ப்பு சக்தி இல்லை, முழு அளவு மருந்து கொடுக்க முடியாது, தொற்று வரும், சிறுநீரகம் பாதி. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. சீக்கிரம் கண்டுபிடிப்பதால் கிடைக்கும் லாபம் மற்றவர்களைவிட எங்களுக்கு அதிகம் என்று சொல்ல வருகிறேன். முதல் கட்டத்தில் பிடித்தால் அறுவை சிகிச்சையோடு போகும். குடலின் உட்சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சியாக, அதாவது பாலிப்பாக இருக்கும்போதே பிடித்தால் கொலனோஸ்கோபியிலேயே வெட்டி எடுத்துவிடலாம். சாதாரணமாகப் பாலிப் புற்றுநோயாக மாற சுமார் பத்து வருடம் ஆகும். எதிர்ப்பு சக்தி அடங்கியவர்களுக்கு அந்த வேகம் கூடுமோ என்பது டாக்டர்களின் சந்தேகம்.

இங்கே ஒரு இடைவெளி இருக்கிறது. அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே எல்லோரையும் பெருங்குடல் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். நம் நாட்டின் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும்தான் பரிசோதனை. பெருங்குடல் புற்றுநோய் இங்கே குறைவு என்பதால் அது பட்டியலில் இல்லை. பொதுமக்களுக்கு அது சரியாக இருக்கலாம். எங்களுக்குச் சரியில்லை. இதய மாற்றுக்குப் பெயர் பதிகிற நேரத்தில் எனக்கு 42, வயது குறைவு என்பதால் குடலை யாரும் பார்க்கவில்லை, அதில் தவறில்லை. ஆனால் 45 ஆனபோது, 50 ஆனபோது யாராவது கேட்டிருக்க வேண்டும். வருடா வருடம் எக்கோ, லெவல், ஆஞ்சியோகிராம் என்று இருக்கும் அந்த அட்டையில் கொலனோஸ்கோபிக்கும் ஒரு வரி வேண்டும். இல்லையென்றால் நீங்களே பேனாவால் எழுதிச் சேருங்கள். முழுக் கொலனோஸ்கோபி என்று எழுதுங்கள். குழாய் வேண்டாம் என்று தள்ளிப்போட வேண்டிய நிலை இருந்தால், மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் காட்டும் ஃபிட் பரிசோதனையாவது கேளுங்கள். அதற்குப் பத்தியம் கிடையாது, வீட்டிலேயே மாதிரி எடுக்கலாம். ஆனால் ரத்தசோகை வந்துவிட்டால் ஃபிட் போதாது, குழாய்தான்.

ஹீமோகுளோபினை நான் இப்போது ஒரே தாளில் தேதியோடு எழுதிவைக்கிறேன். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் தனித்தனி ஃபைலில் இருந்தால் சரிவு கண்ணில் படாது. டாக்டர்கள் மாறுவார்கள், டியூட்டி டாக்டருக்கு முந்தின எண் தெரியாது. "மாத்திரையால இருக்கும்" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அப்படி இல்லன்னா வேற என்னவா இருக்கலாம், அதை எப்படி உறுதி பண்றது டாக்டர்?" மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தனியார் காப்பீடு எங்களைப் போன்றவர்களைத் தொடவே பயப்படும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைகளும் வருகின்றன. தகுதி உள்ளவர்கள், இதயத்துக்கு ஒருமுறை பயன்படுத்திவிட்டோம், இனிக் கிடைக்காது என்று நினைத்து விசாரிக்காமல் இருந்துவிட வேண்டாம். மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்து ஒரு வருடத்தில் மறுபடி கொலனோஸ்கோபி செய்தார்கள், சுத்தமாக இருந்தது. புற்றுநோய் திரும்புகிறதா என்று பார்க்க, சில மாதங்களுக்கு ஒருமுறை சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, வருடத்துக்கு ஒரு சி.டி. ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் பாடம் எடுக்கிறேன்.

உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால் அவர்களுக்கு 40 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கச் சொன்னார்கள். என் மகளுக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன. தம்பிக்கு 48. "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே அக்கா" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். போன பொங்கல் கழித்து நானே கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பாலிப் இருந்தன. அன்றைக்கே வெட்டி எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் பின்னால் ஆகக்கூடிய வகை என்று ரிப்போர்ட் வந்தது. அடுத்து எப்போது வர வேண்டும் என்று டாக்டர் சொன்னதை, என் தாளின் பின்பக்கத்தில் அவன் பெயருக்கு நேரே எழுதிவைத்திருக்கிறேன்.